இல்லாததையும் கையில் கொடுப்பவள்

கேரள மலையில், சூரியநெல்லியில் எங்கள் ஆபீசுக்குக் கீழே ஒரு டீக்கடை இருந்தது. கடைக்காரச் சேட்டன் எங்கள் எல்லோருக்கும் கேட்காமலே டீ போடுவார். எங்களோடு வேலை பார்த்த அவளிடம் மட்டும் கேட்பார். பதில் இப்படி வரும்: "ஒரு டீ. சீனி இல்ல. கடிக்க ஒண்ணும் இல்ல. பேப்பர் கப்பு இல்ல." ஒன்றரை வருஷம் ஆகியும் சேட்டனுக்கு இது பழகவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டால் வேண்டாததைச் சொல்கிற பெண்ணை எங்கே பிடித்தீர்கள் என்று என்னிடம் மலையாளத்தில் நொந்துகொள்வார்.

பிடித்தது முதலாளி. இன்டர்வியூவில் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உன்னைப் பற்றிச் சொல்லும்மா என்றார். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "அப்பா இல்ல சார். கூடப் பிறந்தவங்க இல்ல. சொந்த வீடு இல்ல, தோட்டத்து லயத்துலதான் இருக்கோம். வேலை பாத்த அனுபவம் இல்ல. கம்ப்யூட்டர் டிகிரி. அரியர் இல்ல." முதலாளி கடைசி இரண்டை மட்டும் குறித்துக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொன்னார். நான் அந்தக் கம்பெனியில் ஆறு வருஷம் சீனியர். என்னுடைய இன்டர்வியூவில் எனக்கு ஃபோட்டோஷாப் தெரியும் என்று சொல்லியிருந்தேன். தெரியாது.

அவள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று கேட்டால் இல்லை என்பாள். வேறு எதற்கு என்ன சொல்வாள் என்று தெரியாவிட்டாலும் இதற்குத் தெரியும்.

மத்தியானம் அவள் அம்மாவுக்குப் போன் போடுவாள். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். இரண்டு பேரும் பேசுவது எனக்கு மனப்பாடம். "காச்சல் இல்லல்ல? அட்டை கடிக்கலல்ல? ஆனை இல்லல்ல? சரி, வைக்கிறேன்." ஆனை இல்லை என்பது எங்கள் பக்கத்தில் முக்கியமான செய்திதான், அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் ஒருநாள்கூட நல்லாயிருக்கியா என்று அவள் கேட்டு நான் கேட்டதில்லை. ஏன் என்று விசாரித்தேன். "நல்லாருக்கேன்னு சொல்லிட்டாகன்னா அதுக்குள்ள எது கெடக்குன்னு எப்படிண்ணே தெரியும்?" என்றாள். அன்று சாயங்காலம் என் வீட்டுக்குப் போன் போட்டு எல்லோரும் நல்லாருக்கீங்களா என்று கேட்டேன். நல்லாருக்கோம் என்றார்கள். ஒன்றும் தெரியவில்லை.

எங்கள் வேலையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள், ஏலக்காய் விற்பவர்கள் எல்லோருக்கும் வெப்சைட் செய்து கொடுப்போம். எல்லாம் பிஎச்பி என்கிற கம்ப்யூட்டர் மொழியில். பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்பது என் பொறுப்பு. அதில் என்ன தெரிய வேண்டும் என்பது அவள் பொறுப்பு. நான் எழுதுவது டெம்ப்ளேட்: இங்கே பெயர் வரும், இங்கே படம் வரும் என்று இடம் விட்டு வைத்த வெறும் அச்சு. அந்த இடங்களில் வந்து உட்கார வேண்டிய தகவல்களுக்கு வேரியபிள் என்று பெயர். அவற்றை வாங்கி, டெம்ப்ளேட்டைத் திறந்து, பக்கத்தை முடித்துத் தருவது ஃபங்ஷன். அதை அவள் எழுதுவாள்.

ஃபங்ஷன் என்பது கதவு போட்ட அறை. வெளியே ஆயிரம் வேரியபிள் இருந்தாலும் உள்ளே தெரியாது. வாசலில் கையில் கொடுத்தது மட்டும்தான் உள்ளே போகும். டெம்ப்ளேட்டும் அந்த அறைக்குள் திறக்கப்படுவதால் அதற்கும் அவ்வளவுதான் தெரியும். வேலை முடிந்ததும் அறை காலியாகிவிடும். அடுத்த தடவை எல்லாவற்றையும் முதலிலிருந்து கொடுக்க வேண்டும். இது எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும். தெரிந்த விஷயத்தை நம்புவது வேறு என்று அவள் வந்த பிறகுதான் தெரிந்தது.

வந்த இரண்டாவது வாரம். வட்டவடையில் ஒரு ஹோம்ஸ்டேக்குப் பக்கம் செய்துகொண்டிருந்தேன். தலைப்பு மட்டும் வரவே இல்லை. தலைப்பை ஃபைலின் உச்சியில் எழுதியிருந்தேன். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, அவளுடைய ஃபங்ஷனில்தான் கோளாறு என்று தீர்மானித்து அவளைக் கூப்பிட்டேன்.

"மேலயே எழுதியிருக்கேனே, உன் ஃபங்ஷனுக்குக் கண்ணு தெரியாதா?"

"தெரியாதுண்ணே. நீங்க குடுக்கல."

"ஒரே ஃபைலு புள்ள. நாலு வரி மேல இருக்கு."

"பக்கத்து வீட்டுல சோறு வெந்தா நம்ம வயிறு நெறயுமாண்ணே?"

கொடுத்தேன். தலைப்பு வந்தது. அவள் தன் நாற்காலிக்குப் போய்விட்டாள்.

அவளுடைய வழக்கம் இதற்கும் ஒரு படி மேலே. இருப்பதைக் கொடுப்பதோடு நிற்க மாட்டாள். இல்லாததையும் இல்லை என்று எழுதிக் கொடுப்பாள். அந்த வட்டவடைப் பக்கம் வெளியே வந்தபோது அதில் நீச்சல் குளம் இல்லை, வைஃபை இல்லை, லிஃப்ட் இல்லை என்று வரிசையாக இருந்தது. வீட்டுக்காரர் போனில் கொதித்தார். வீட்டுக்கு மாடியே கிடையாது, லிஃப்ட் இல்லை என்று போட்டு மானத்தை வாங்குகிறீர்களே என்றார். நான் அந்த வரிகளை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தாள். ஆனால் ஃபங்ஷனுக்குள் அந்த இல்லைகள் போய்க்கொண்டுதான் இருந்தன. பக்கத்தில் காட்டுவதை மட்டும் நிறுத்தியிருந்தாள். எதற்கு இந்தப் பிடிவாதம் என்று கேட்டதற்கு, "காலியா விட்ட எடம் ஊருக்குப் பொதுவான எடம்ண்ணே. எவன் வேணும்னாலும் மாடு கட்டிருவான்" என்றாள்.

அவளைப் பெண் பார்க்கப் போடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நடந்ததை அவளே திங்கட்கிழமை சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா உன்னைப் பத்திச் சொல்லுத்தா என்று கேட்டிருக்கிறார். இவள் நகை இல்லை, நிலம் இல்லை, அம்மாவுக்கு வேறு ஆள் இல்லை, கல்யாணத்துக்கு அப்புறம் அம்மாவைத் தனியாக விடுகிற எண்ணம் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். "இருக்கிறதச் சொல்லுத்தா" என்று அந்த அம்மா கெஞ்சியிருக்கிறார். "கேளுங்க, சொல்றேன்" என்றாளாம். அவர்களுக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை, காப்பியைக் குடித்துவிட்டு இறங்கிவிட்டார்கள். வருத்தமா என்று கேட்டேன். "மாப்பிள்ளை இல்லண்ணே" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருக்கக் கூடாது என்று பிறகு பட்டது.

அவள் அம்மாவைத் தனியாக விடாததற்குக் காரணம் இருந்தது. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை உள்ளவரை வீடு. ரிட்டயர் ஆனால் காலி செய்ய வேண்டும். அவள் அம்மாவுக்கு அடுத்த மார்ச்சோடு வேலை முடிவதாக இருந்தது. முப்பத்தைந்து வருஷம் கொழுந்து எடுத்த அம்மாவுக்கு மலையில் ஒரு சென்ட் இடம் கிடையாது. அந்தச் சமயத்தில்தான் தொழிலாளர்கள் சங்கம் ஒன்று வீடில்லாதவர்களுக்கு மூன்று சென்ட் மனை கொடுக்கப் போவதாக அறிவித்தது. விண்ணப்பித்தவர்களின் பட்டியலைத் தயாரித்து அச்சடித்துக் கொடுக்கும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. பட்டியலைப் பார்த்து, ஏற்கெனவே வீடும் இடமும் உள்ளவர்களின் பெயரைச் சங்கத்துக் கமிட்டி அடித்துவிடும். மிச்சம் உள்ளவர்களுக்கு மனை.

முதலாளி வேலையை அவளிடம்தான் கொடுத்தார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எங்கம்மா பேரு அதுல இருக்கு சார். நான் தொடமாட்டேன். அண்ணன் செய்யட்டும்."

"அந்த ஃபங்ஷன் எல்லாம் உனக்குத்தானே தெரியும்?"

"நாளைக்கு ஒருத்தன் கேட்டா நான் தொடலன்னு சொல்லணும். தொட்டுட்டு அதச் சொல்ல முடியாது சார்."

அப்படி வேலை என்னிடம் வந்தது. அவள் என் மேஜைக்கு வந்து ஒரே ஒரு விஷயம் சொன்னாள். "ஃபங்ஷன் எழுதி வச்சது கெடக்கு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தடவ அதக் கூப்பிடுங்க. காலியா வர்ற கட்டத்துக்கு இல்லன்னு குடுங்க. டெம்ப்ளேட்ட மட்டும் ஃபங்ஷன விட்டு வெளிய எடுத்துறாதீங்க." எனக்குத் தெரியும் புள்ள என்றேன்.

கேரளத்தில் எந்த ஃபாரம் ஆனாலும் ஆள் பெயருக்கு அடுத்து வீட்டுப்பேர் கேட்கும். மலையாளிகளுக்குக் குடும்பத்தோடு வருகிற வீட்டுப்பேர் உண்டு. லயத்தில் இருக்கிற தமிழ்க்காரர்களுக்கு அது கிடையாது. தோட்டத்து டிவிஷன் பெயரும் லயத்து நம்பரும்தான். அவள் அம்மாவின் ஃபாரத்தில் வீட்டுப்பேர் இல்லை, சொந்த இடம் இல்லை என்று அம்மாவே எழுதியிருந்தார். சங்கத்தில் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர், இல்லை என்பதை எப்படி டைப் அடிப்பது என்று யோசித்துக் காலியாக விட்டுவிட்டார். எல்லா லயத்துக்காரர்களுக்கும் அப்படித்தான் செய்திருந்தார். காலிக் கட்டங்கள் என்னிடம் வந்து சேரவே இல்லை.

அவளுடைய ஃபங்ஷனை ஓட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. வீட்டுப்பேர் என்று ஒரு வேரியபிள் இல்லை, சொந்த இடம் என்று ஒரு வேரியபிள் இல்லை என்று வரிக்கு வரி. ஒவ்வொன்றுக்கும் 'இல்லை' என்று கொடுக்க இரண்டு வரி எழுதினால் போதும். ஆனால் முதலாளி சங்கத்துச் செக்ரட்டரியோடு படியேறி வரும் சத்தம் கேட்டது. நான் டெம்ப்ளேட்டை ஃபங்ஷனிலிருந்து எடுத்து, ஆள்மாற்றி ஆள் வருகிற சுற்றுக்குள் நேராகப் போட்டேன். சிவப்பு எழுத்து அத்தனையும் போய்விட்டது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

நான் செய்தது இதுதான்: அறையை இடித்து வராந்தா ஆக்கிவிட்டேன். லயத்து வராந்தாவில் ஒருவர் வாளியை வைத்துவிட்டுப் போனால் வாளி அங்கேயே இருக்கும். அடுத்து வருகிறவர் வாளி கொண்டுவராவிட்டால் அதுவே அவருடைய வாளி மாதிரி நிற்கும். வீட்டுப்பேர் உள்ள ஒருவர் பட்டியலில் வந்து போனார். அவருடைய வீட்டுப்பேரும் இடமும் அங்கேயே கிடந்தன. அடுத்து வந்த லயத்துக்காரர்கள் எல்லோருக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. நான் முதல் பத்துப் பேரைச் சரிபார்த்தேன். முதல் பத்துப் பேரும் எல்லாக் கட்டத்தையும் நிரப்பியவர்கள். அச்சுக்குக் கொடுத்தேன். கமிட்டி உட்கார்ந்து இடம் உள்ளவர்களையெல்லாம் பேனாவால் அடித்து, பட்டியலைச் சங்கத்துச் சுவரில் ஒட்டியது.

ஒட்டிய அன்று அவள் ஆபீசுக்குத் தாமதமாக வந்தாள்.

"எங்கம்மாவுக்கு வடக்கேதில்னு ஒரு வீடு இருக்காம்ண்ணே. பத்து சென்ட் எடமும் இருக்காம்."

குரலில் ஒன்றும் இல்லை. ஃபைலைத் திறந்து காட்டச் சொன்னாள். கையைப் பின்னால் கட்டியபடியே என் தோளுக்கு மேலாகப் படித்தாள்.

"ஃபங்ஷன் எங்கண்ணே?"

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"செவப்பு செவப்பா வந்துச்சு புள்ள."

"அது 'இல்ல, இல்ல'ன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சுண்ணே. அது வாயத்தான் அடச்சிருக்கீங்க."

பத்து நிமிஷத்தில் நானே சரிசெய்தேன். அவள் கீபோர்டைத் தொடவில்லை. ஆனால் சுவரில் ஒட்டியதை யாரும் பத்து நிமிஷத்தில் கிழிக்க முடியாது. அதற்குள் அவர்கள் லயத்தில் ஒரு பெண், இத்தனை நாளும் இல்லப்பாட்டு பாடினாளே, பாருங்க இருப்பை என்று சொல்லிவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம் கூட்டினார்கள்.

முதலாளி கூட்டத்துக்கு முன்னால் என்னைத் தனியாக அழைத்து, யார் என்ன கேட்டாலும் கம்ப்யூட்டரில் ஒரு சின்னக் கோளாறு என்று மட்டும் நான் சொல்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்றார். சங்கத்தின் அடுத்த வேலையும் எங்களுக்கே வர வேண்டும் என்பது அவர் கணக்கு. கூட்டத்திலும் அப்படியே சொன்னார். புதுப் பட்டியலை வாசித்தார்கள். அடிபட்ட லயத்துக் குடும்பங்கள் எல்லாம் திரும்ப வந்தன. அவள் அம்மா பெயரும் வந்தது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். அப்போது பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார்.

"இதச் சரி பண்ணுனது யாரு? அந்தக் கம்பெனியில அந்தப் பிள்ளையும்தான வேலை பாக்குது? அவுக அம்மா பேர அவளே ஏத்திக்கிட்டாளா?"

அவள் எழுந்து, "நான் தொடல" என்றாள்.

"தொட்டவ தொட்டேன்னா சொல்லுவா?" என்றார் அவர். சிலர் சிரித்தார்கள். அவள் இல்லை என்று சொல்வது ஊருக்கே பழகிப்போயிருந்தது, அதனால் அன்று அதற்கு மதிப்பில்லை. சங்கத் தலைவர் எங்கள் பக்கம் திரும்பி, இதைப் பற்றி யாருக்காவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். முதலாளி என் முழங்காலில் கை வைத்தார். எழுந்து "அவ செய்யல, நான்தான் செஞ்சேன்" என்று சொல்ல மூன்று நொடி போதும். வேலை போய்விடும் என்று பயந்தேன். ஆறு வருஷ சீனியர் இந்தத் தப்பைச் செய்தான் என்று ஊர் சிரிக்கும் என்றும் பயந்தேன். இரண்டாவது பயம்தான் பெரிது. நான் பேசவில்லை. அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். விசாரித்து முடியும்வரை அவள் அம்மாவின் பெயரை மட்டும் நிறுத்திவைப்பது என்று தீர்மானமாயிற்று.

விசாரணை எங்கேயும் போகவில்லை. மார்ச் முடிந்தது. அம்மா லயத்தைக் காலி செய்தார். முப்பத்தைந்து வருஷத்துச் சாமான் ஒரு ஜீப்பை நிரப்பக்கூடப் போதவில்லை. போடியில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். அவளும் வேலையை விட்டாள். கடைசி நாள், எழுதிய ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் என்னென்ன கொடுக்க வேண்டும் என்று எழுதிய ஒரு நோட்டை என்னிடம் கொடுத்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று அவள் காத்திருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. நோட்டைப் புரட்டிப் பார்த்து, ரொம்ப உபகாரம் என்றேன். சரிண்ணே என்று படியிறங்கிப் போனாள்.

அதற்கப்புறம் ஒரு மழைக்காலம் முழுக்க எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. ஆடி கழிந்து ஒருநாள் சங்கத்துக்குப் போய், செக்ரட்டரி முன்னால் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன். பட்டியலைத் தயாரித்தது நான். தப்பு என்னுடையது. திருத்தியதும் நான். அந்தப் பெண் தொடவில்லை. கையெழுத்துப் போட்டேன். செக்ரட்டரி படித்துவிட்டு, இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்குமே என்றார். முதலாளியிடமும் சொன்னேன். வேலை போகவில்லை. இத்தனை நாள் எதற்குப் பயந்தேனோ அதில் ஒன்றுகூட நடக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த வருஷப் பட்டியலில் அவள் அம்மாவுக்கு மனை வந்தது. பெயர் சுவரில் ஏறியதைப் பார்த்ததும் அங்கிருந்தே அவளுக்குப் போன் போட்டேன். அவள் அப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருந்தாள்.

"புள்ள, அம்மாவுக்கு எடம் வந்துருச்சு. ஏழாவது பேரு."

"செக்ரட்டரி சொன்னாருண்ணே. நீங்க எழுதிக் குடுத்ததையும் சொன்னாரு."

அவள் நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். சொல்லவில்லை. பொறுக்க முடியாமல் நானே கேட்டேன்.

"எம்மேல இப்பக் கோவம் ஒண்ணும் இல்லல்ல?"

"இருக்குண்ணே" என்றாள்.

நான் சரி என்றேன். வைக்கட்டுமா என்று கேட்டாள். வை புள்ள என்றேன். அவள் வைத்தாள்.